புதன்கிழமை மட்டும் அணையாத கம்ப்யூட்டர்

எங்கள் கம்ப்யூட்டருக்குச் சாயங்காலமானால் தூக்கம் வந்துவிடும். கரண்ட் போனது என்றால் மனம் ஆறும். விளக்கு எரியும், காற்றாடி சுற்றும், இது மட்டும் மூடப்போகிறேன் என்று ஒரு படத்தைக் காட்டிவிட்டுக் கறுத்துப்போகும். நான் பாதி அடித்த கல்யாணப் பத்திரிகையும் அதோடு போகும். ஆத்தங்குடியிலிருந்து புரூஃப் பார்க்க வந்தவர்கள், நான் அதை மறுபடி எழுப்புவதற்குள் எழுந்து போய்விடுவார்கள்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். காரைக்குடியில் பூமிநாதன் அண்ணன் நடத்திய டிடிபி சென்டரில் காலையில் காளீஸ்வரி, மாலையில் நான். பொங்கல் கழிந்தால் ஒருத்திதான் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அந்த ஒருத்தி நானாக இல்லாவிட்டால், அமராவதிபுதூரில் அப்பா பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். வேலை இருக்கும்வரை கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டேன் என்று அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். இதை ஒருத்தியிடம் சொல்லி அழுதேன் என்றால் அது காளீஸ்வரியிடம்தான்.

நீ எதையோ அமுக்கிவிடுகிறாய் என்று அண்ணன் தினமும் முகத்தைச் சுளிப்பார். காளீஸ்வரி வோல்டேஜைத் திட்டி எனக்காகப் பரிந்து பேசுவாள். புதன்கிழமை மாலை எனக்கு மாதா கோயிலில் நவநாள் ஜெபம், அன்று என் வேலையையும் அவளே பார்ப்பாள். அன்று மட்டும் அது அணையாது. புத்தியுள்ளவள் இதை வைத்துக் கணக்குப் போட்டிருப்பாள். நான் முழங்காலில் நிற்கும்போது மாதா எப்படி அணைய விடுவாள் என்று நினைத்து, நன்றிக்கு மெழுகுதிரி வேறு ஏற்றினேன். காளீஸ்வரியிடமும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னாள்.

ஒரு வியாழக்கிழமை, இப்போது அணையுமோ பிறகு அணையுமோ என்று திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பக்கத்தில் ஒரு சின்னப் படம். பொழுது போகாமல் அதைத் தட்டினேன். கம்ப்யூட்டர் தானாகச் செய்ய வேண்டிய வேலையை முன்கூட்டியே சொல்லிவைக்கும் இடம் அது. ஒரே ஒரு வேலை சொல்லப்பட்டிருந்தது: மாலையில் அணைந்துவிடு. திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி. எல்லாவற்றிலும் டிக். கடை லீவான ஞாயிறு போக, புதன் மட்டும் காலியாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோனது.

மறுநாள் காலையில் காளீஸ்வரியிடம் போய்க் கேட்டேன். அவள் மறுக்கக்கூட இல்லை.

“உனக்கு மாப்பிள்ளையாவது இருக்கு. எனக்கு என்னடி இருக்கு?”

நான் நம்பிச் சொன்னதை எடுத்தே என்னை அடித்தாள். அவளை அறைந்திருக்கலாம். அதற்குப் பதில் அண்ணனைக் கூப்பிட்டேன்.

“பாருங்கண்ணே, நான் எதையும் அமுக்கல. நீங்கதான் தெனம் என்னைய வஞ்சீக.”

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் திரையைப் பார்த்தார். யார் செய்தது என்றார். அவள் தலையைக் குனிந்தபடி நான்தான் என்றாள். இப்போது வெடிப்பார் என்று நின்றேன்.

“இதெல்லாம் ஒனக்குத் தெரியுமாத்தா?” என்றார் அவளிடம். குரலில் அப்படி ஒரு வாஞ்சை. தான் கடை அடைக்கும்போது இது தானாக அணையும்படி வைக்க முடியுமா என்று கேட்டார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்புறம்தான் நான் நிற்பது அவருக்கு ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளையாக ஒருத்தி இருந்தால் போதும் என்றும், நான் பொங்கல்வரை காத்திருக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவராவது கொதிப்பார், கடைக்குப் போய் நாலு வார்த்தை கேட்பார் என்று எனக்கு ஆசை. அவர் முகம் மலர்ந்தது.

“அந்தப் புள்ள நல்லாருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அமராவதிபுதூர் போகச் சட்டையை மாட்டினார்.