டூல்ரூம்காரர் வீட்டுக் கோடுகள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சுவரில் சாய்கிறவர்கள் சாய்ந்துகொள்ளுங்கள். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மனுஷன் வீட்டைத் திருத்தக் கிளம்பிய கதை ஒன்று சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். உங்கள் வீட்டு ஆளைப் பார்த்து மட்டும் சிரித்துவிடாதீர்கள்.

தையல்காரம்மாவின் கணவர் பஸ் பணிமனையில் டூல்ரூம் பார்த்தவர். அங்கே சுவர் நிறையப் பலகை. ஸ்பானர், சுத்தியல், குறடு என்று ஒவ்வொன்றும் தொங்கும் இடத்தில் அதன் உருவத்தைக் கறுப்புக் கோட்டில் வரைந்திருப்பார். எடுத்ததைத் திருப்பி வைக்காவிட்டால் வெறும் கோடு பல்லை இளிக்கும். தன் காலத்தில் ஒரு திருப்புளிகூடத் தொலையவில்லை என்பதில் அவருக்குத் தலைகொள்ளாத பெருமை.

ஓய்வுபெற்று வந்ததும், "இந்த வீட்ல எது எங்க இருக்குன்னு யாருக்குமே தெரியல" என்றார். உண்மையில் தெரியாதவர் அவர் ஒருவர்தான்.

அடுப்படிச் சுவரில் ஆரம்பித்தார். கரண்டிக்கு ஒரு கோடு, வடிகட்டிக்கு ஒரு கோடு. தையல்காரம்மாவுக்கு முதலில் அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பிறகு கோடு தரைக்கு இறங்கியது. செருப்புக்கு, வாளிக்கு, துடைப்பத்துக்கு, நாற்காலிக் கால்களுக்கு. சொம்பை ஒரு விரல்கடை தள்ளி வைத்தால் பின்னாலேயே வந்து நகர்த்துவார். கோடு இல்லாத சாமான் எதுவானாலும் பால்கனியில் கழிசல் போடும் தொட்டிக்குப் போகும் என்று சட்டமும் போட்டார். மகளின் சீப்பு அப்படித்தான் போயிற்று.

கடைசியில் ஜன்னலோரத்தில் இருந்த தையல் மெஷினுக்கு வந்தார்.

"ஜன்னலோரமா ஒரு பெரிய பலகை வரணும்மா. சாவி, டார்ச்சு எல்லாம் அதுலதான். எது இல்லன்னு பளிச்சுன்னு தெரியணும்னா வெளிச்சம் வேணுமில்ல?"

"அப்ப மெஷினு?"

"பீரோ பக்கத்துல. தலைக்கு மேல பல்பு இருக்கு."

"அந்த பல்பு எரியறது அதுக்கே தெரியாதுங்க. துணியும் கரும்பச்சை, நூலும் கரும்பச்சை. நான் எதைப் பாத்துத் தைக்க?"

"கோடு போட்டாச்சும்மா."

அந்தத் துணி ஒரு மருத்துவமனையின் திரைச்சீலை. மாதிரிக்கு ஒன்றைத் தைத்து மறுநாள் சாயங்காலம் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் மற்ற அறைகளின் திரையெல்லாம் அவளுக்கு; இல்லாவிட்டால் கடைத்தெருத் தையல்காரருக்கு. பீரோ இருட்டில் உட்கார்ந்து அவள் அடித்த மடிப்பு, சாராயம் குடித்தவன் நடந்த தடம் மாதிரி வளைந்து போயிருந்தது. பிரித்தாள். மறுபடி அடித்தாள். மறுபடி பிரித்தாள்.

காலையில் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெஷினை ஜன்னலோரத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள். ஈரத் தலையோடு வந்தவர் பீரோ பக்கம் போய் நின்றார்.

"மெஷினோட கோடு காலியா இருக்கு."

"இருக்கட்டும்."

"காலியா இருந்தா சாமான் தொலைஞ்சு போச்சுன்னு அர்த்தம்."

"தொலைஞ்ச சாமான் கடகடன்னு தைச்சுட்டு இருக்கே, காதுல விழலையா?"

மகள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறவள். ஊசி குத்துகிற நேக்கு வாயிலும் உண்டு. "அப்பா, உங்க கோடு எங்க?" என்றாள்.

"எனக்கு எதுக்கு?"

"கோடு இல்லாதது தொட்டிக்குன்னு நீங்கதான சொன்னீங்க. அந்தத் தொட்டி உங்களுக்குப் பத்தாதுப்பா. பெருசா ஒண்ணு வாங்கணும்."

தையல்காரம்மாவின் வாயில் குண்டூசிகள் இருந்ததால் சிரிக்க முடியவில்லை.

சட்டம் என்றால் அவருக்குச் சட்டம்தான். சாக்பீஸை எடுத்துக்கொண்டு தன் இடத்தைத் தேடப் புறப்பட்டார். அடுப்படியில் நின்றார். "கொஞ்சம் தள்ளுங்கப்பா, பால் பொங்குது." வாசலுக்குப் போனார். "சார், கொஞ்சம் வழி விடுங்க" என்றார் கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்தவர். கூடத்து நாற்காலியில் உட்காரப் போனார். "அதுல இஸ்திரி போட்ட துணி இருக்குப்பா." எங்கேயும் குனிந்து ஒரு கோடு இழுக்க முடியவில்லை. முகம் தொங்கிப்போய் நடு வீட்டில் நின்றார்.

தையல்காரம்மா அதைப் பார்த்தாள். டூல்ரூம் கம்பிக்கு வெளியே நின்று "அண்ணே, அதைக் குடுங்க, இதைக் குடுங்க" என்று நாளெல்லாம் ஆட்கள் கூப்பிட்ட மனுஷன். இப்போது கூப்பிடுகிறவர்கள் எல்லாம் தள்ளித்தான் போகச் சொல்கிறார்கள்.

அதற்குள் திரைச்சீலை தன் கனத்திலேயே மேஜையிலிருந்து சரிந்து தையலைக் கோணலாக இழுத்தது. அவளுக்கு இருப்பது இரண்டு கைதானே.

"என்னங்க, இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க."

சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வந்து பிடித்தார்.

"இழுக்காதீங்க. அது போற வேகத்துக்கு விடுங்க."

"மரை தேஞ்ச போல்ட்டு மாதிரி வழுக்குதும்மா."

"வழுக்கும். பிடிங்க."

கொஞ்ச நேரத்தில் கை பழகிவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் தையல் ஓடுவதை ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "நேராத்தான் போகுது" என்று முனகினார்.

"கண்ணுக்குத் தெரிஞ்சா நேராப் போகும்."

மகள் வேலைக்குக் கிளம்பி வந்தவள், தள்ளுங்கள் என்று சொல்லாமல் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். அதையும் அவர் கவனித்தார்.

"அப்ப நான் நிக்கற இந்த எடத்துல ஒரு கோடு போட்டுரட்டுமா?"

"வேணாங்க. நாளைக்கு சட்டைத் துணி. ஸ்டூல்ல உக்காந்து பட்டன் தைக்கணும் நீங்க. அதுக்கடுத்த நாள் எங்க நிக்கணுமோ, அப்ப சொல்றேன்."

"பலகையை எங்க மாட்டறது?"

"பீரோ பக்கத்துல. பல்பு இருக்குன்னீங்களே."

சாயங்காலம் மருத்துவமனையிலிருந்து வந்தவர் மடிப்பை விரலால் நீவிப் பார்த்தார். மற்ற அறைகளுக்கான துணியை அங்கேயே இறக்கிவிட்டுப் போனார். பலகை பீரோ பக்கத்தில் தொங்குகிறது. அந்த இருட்டில் எது இருக்கிறது, எது இல்லை என்று யாருக்கும் தெரிவதில்லை. அதனால் அந்த வீட்டில் இப்போது எதுவுமே தொலைவதில்லை.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் "தள்ளுங்க" என்கிற குரலைவிட "இதைக் கொஞ்சம் பிடிங்க" என்கிற குரல் அதிகம் கேட்கட்டும். பிடிக்க ஒரு கை எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.