சுப்பையா சொன்னால் கால்வாசி

குயின் ஸ்திரீட்டுக்குப் பின்னால் ஓடும் அந்தச் சந்தில் சுப்பையாவின் பேச்சுக்கென்று தனி விலைவாசி உண்டு. அவர் எதைச் சொன்னாலும் நாலில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சாக்கடையில் விட்டுவிட வேண்டும். இதை யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை, நாளாவட்டத்தில் பழகிவிட்டது. "கெர்னி டிரைவ் பக்கம் தூண்டில் போட்டேன், என் உயரத்துக்கு ஒரு மீன்" என்று அவர் சொன்னால், கேட்கிறவர் முழங்கால் உயர மீனாக மனத்தில் வரைந்துகொண்டு "அப்படியா அண்ணே" என்பார். கொடிமலையில் புலி துரத்தியது என்றால் அது பூனை. ஒரு முறை மருமகள் ஷர்மினியையும் மகன் தயாளனையும் அந்தப் புலிக்குச் சாட்சி சொல்ல வைத்தார். அன்று முதல் அந்த வீட்டார் எல்லோருக்கும் அதே விலைதான்.

துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் சுப்பையா காலையும் மாலையும் எதிர்வரிசை அப்துல் அஜீஸின் ஒட்டுக்கடையில், தேநீர் மேசையில்தான் இருப்பார். இவர் வீடு சந்தின் இந்தப் பக்கம் மாடியில். அண்ணன் முறையில் சந்தே 'நானா' என்று கூப்பிடும் அஜீஸ் அந்தப் பக்கம், தன் கடைக்கு மேலேயே. நடுவில் ஒரு லாரி புகுந்தால் இரண்டு சன்னலுக்கும் மூச்சு முட்டும்.

தொற்று வந்த பிறகு சந்துக்குப் புதிதாக ஒரு வேளை உண்டானது. சாயங்காலம் சுகாதார அமைச்சின் அன்றைய தொற்று எண்ணிக்கை வெளியாகும் நேரம். காலை, பகல், எண்ணிக்கை, இரவு என்று நாளை நாலாகப் பிரித்துக்கொண்டார்கள். வாடகைக் காடி ஓட்டும் புவனேஸ்வரன் கைப்பேசியைப் பார்த்து உரக்கப் படிப்பான். அவன் படிக்கும் முன்பே சுப்பையா கண்ணை மூடி, "இன்னிக்கு ஆயிரம்" என்பார். எல்லோரும் வழக்கப்படி நாலாக வகுத்துக்கொள்வார்கள். புவனேஸ்வரன் படிப்பதும் ஏறக்குறைய அதுவாகவே இருக்கும். "அண்ணே, கால்வாசி சரிலா!" என்று மேசையைத் தட்டுவான்.

ஆண்டுக் கடைசியில் எண்ணிக்கைக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ஒரு நாள் சுப்பையா, கேட்பவர் சிரிக்கட்டும் என்று, "ரெண்டாயிரம்" என்றார். புவனேஸ்வரன் படித்தான்: இரண்டாயிரத்துக்கும் மேல். கடையில் யாரும் மேசையைத் தட்டவில்லை. அஜீஸ் ஆற்றிக்கொண்டிருந்த தேநீர் இரண்டு குவளைகளுக்கும் நடுவே ஒரு கணம் அப்படியே நின்றது. சுப்பையாவின் முகம் செத்துப்போனது. ஆயுள் முழுக்க உழைத்துச் சேர்த்த பெயரை உண்மை வந்து ஒரே சாயங்காலத்தில் தட்டிப் பறித்துவிட்டால் மனிதன் என்ன செய்வான்?

எண்ணிக்கை ஏற ஏறக் கட்டுப்பாடு இறுகியது. மேசைக்கு நாலு பேர் என்றார்கள், பிறகு இரண்டு பேர். தரையில் மஞ்சள் நாடாவால் பெருக்கல் குறி போட்டார்கள். சந்துப் பூனைகள் குறிக்கு ஒன்றாக ஒரு மீட்டர் இடைவெளி விட்டு உட்கார்ந்தன. இது சுப்பையா சொன்னதல்ல, எல்லோரும் பார்த்தது. பேரங்காடி வரிசை படகுத்துறை வரை நீண்டு, கடலில் இறங்கி, அக்கரையில் பட்டர்வொர்த்தில் ஏறியது. அங்கே கடைசியில் நின்றவன் "சார்டின் இருக்கா?" என்று கேட்ட கேள்வி இங்கே வந்து சேர்ந்து, "முடிஞ்சிருச்சி" என்ற பதில் திரும்பிப் போவதற்குள் புதுச்சரக்கு இறங்கிவிட்டதாம்.

ஒரு திங்கட்கிழமை அறிவிப்பு வந்தது. புதன்கிழமை முதல் கடையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, பொட்டலம் மட்டும். மாவட்டம் விட்டு மாவட்டம் போகக்கூடாது. தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் பாலத்தில் போலீஸ் நிற்கும்.

சந்தில் யாரும் கத்தவில்லை, யாரும் அழவில்லை. பூக்கடை ரமணி, "கல்யாண மாலை ஆர்டரெல்லாம் போச்சி" என்று சொல்லிவிட்டு, கட்டிய மாலையைப் பிரித்து முழம் முழமாக்கினாள். புவனேஸ்வரன் காடியைக் கழுவினான். போவதற்கு இடமில்லாத காடி அத்தனை பளபளப்பாக எந்நாளும் இருந்ததில்லை.

அஜீஸுக்கு மட்டும் அவசரம். அக்கரையில் தாசேக் கெலுகோரில் அவர் மகள் இஸ்ஸதிக்குப் பத்து நாளுக்கு முன்தான் ஆண்பிள்ளை பிறந்திருந்தது. எட்டு வருஷம் காத்திருந்து, நேராத நேர்ச்சையெல்லாம் நேர்ந்து பெற்ற பிள்ளை. குறைமாதம், இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறது. மனைவி காமாரியா முன்னமே மகளிடம் போய்விட்டாள். கடையை விட முடியாமல் அஜீஸ் தங்கிவிட்டார். பேரனைப் படத்தில்தான் பார்த்தார்.

"செவ்வாக்கெழம காலையில பாலத்தத் தாண்டிருவேன்" என்றார் அஜீஸ், அன்று மாலை. இரண்டு பேர் மேசை. முகக்கவசம் இருவருக்கும் தாடைக்கடியில். கடைசியாக உட்கார்ந்து குடிக்கும் தேநீர் என்று ஒரே குவளையை மாற்றி மாற்றிக் குடித்தார்கள். சுப்பையா ஒரு மணி நேரம் கதை சொன்னார். அஜீஸ் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டுச் சிரித்தார்.

அன்று இரவே, தயாளன் வேலை பார்க்கும் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் எல்லோருக்கும் எடுத்த பரிசோதனையின் முடிவு வந்தது. தயாளனுக்குத் தொற்று. அவனை அங்கிருந்தே தனிமைப்படுத்தும் இடத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். சுப்பையாவுக்குத் தொண்டை கரகரத்தது. கிளினிக்கில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். செவ்வாய் விடிந்ததும் டாக்டர் தொலைபேசியில் சொன்னார்: "பாசிட்டிவ். வெளிய போகாதீங்க. கூட இருந்தவங்ககிட்ட சொல்லிருங்க."

சுப்பையா சன்னலைத் திறந்தார். கீழே அஜீஸ் தன் பழைய காடியின் பின்பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்தார்: கோழி, மசாலாப் பொடி, பிள்ளைக்குத் துணி, தொட்டில் கட்ட ஒரு புது பாத்தேக் சாரோங் கைலி. தொற்றும் அந்தக் காடியில்தான் ஏறிப் போகப்போகிறது, பத்து நாள் பிள்ளையின் முகத்துக்கு.

"நானா! போகாதீங்க. எனக்குக் கோவிட் வந்திருச்சி. டாக்டர் இப்பதான் போன் பண்ணாரு."

அஜீஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரமணி, கோவிட்ல கால்வாசி என்னா?"

"சளி, நானா" என்றாள் ரமணி, பூவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கேட்டியா சுப்பையா? சுக்குத் தண்ணி போட்டுக் குடி."

"நெசமாலுமே நானா. தயாளனுக்கும் இருக்கு. ஃபேக்டரியிலேருந்தே கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"அவனுக்கும் சளியா? வீடே மூக்க உறிஞ்சுது போல."

அடுத்த சன்னலிலிருந்து ஷர்மினி தலையை நீட்டினாள். "நானா, உண்மைதான் நானா! மாமா வெளையாடல!"

"புலிக்குச் சாட்சி சொன்ன புள்ளதானே நீ? உள்ள போம்மா."

"எங்காத்தா மேல சத்தியம்!" என்றார் சுப்பையா.

"உங்காத்தா போய்ச் சேந்து முப்பது வருஷம். இனிமே அதுக்கு என்னா ஆவப்போவுது?" அஜீஸ் சாரோங்கை உதறி மடித்தார். "நான் போயிட்டா உன் கதைய கேக்க ஆளில்ல. அதானேலா உனக்கு? ரெண்டு வாரம்தான் சுப்பையா. வந்துர்றேன். கதையெல்லாம் சேத்து வை."

சுப்பையா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொன்னதெல்லாம் உண்மை. அதில் ஒரு பொட்டு கூட்டவில்லை. அதனால்தான் கீழே போய்ச் சேரும்போது அது சளியாக இளைத்துவிடுகிறது என்று அவருக்கு மெல்லப் புரிந்தது. கீழே கோவிட் போய்ச் சேர வேண்டுமானால் மேலேயிருந்து நாலு கோவிட் போட்டாக வேண்டும்.

இதுவரை அவர் அளந்து பொய் சொன்னதே இல்லை. வாய்க்கு வந்ததை அள்ளி வீசுவதுதான் பழக்கம். இன்று அளவு முக்கியம். கூடினால் கூத்தாகப் போய்விடும். குறைந்தால் சளிக்குப் பக்கத்தில் நின்றுவிடும். அஜீஸ் காடியின் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. சுப்பையா ஒரு முறை இருமி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நானா, மன்னிச்சிருங்க. எனக்குக் கோவிட் இல்ல."

"பாத்தியா ரமணி?"

"கோவிட்டுக்கு அண்ணன்! ஒலகத்துல எவனுக்கும் வராதது. மூக்குல குச்சிய விட்டாங்க, குச்சி கருகிப்போச்சி. மெஷின்ல வச்சாங்க, மெஷின் வெடிச்சிருச்சி. டாக்டரு சன்னல் ஏறிக் குதிச்சி ஓடினவர்தான், ஆயர் ஈத்தாம் கிட்டதான் திரும்பிப் பாத்தாராம். கிருமிக்கு என் பேரையே வச்சிட்டாங்க. பட்டாளம் ஹெலிகாப்டர்ல வருது, கூரையப் பிரிச்சி என்னயத் தூக்கப்போறாங்க. நேத்து என் கூட ஒரே குவளையில தேத்தண்ணி குடிச்சவரு யாருன்னு கேட்டாங்க. அப்துல் அஜீஸுன்னு சொல்லிட்டேன். அவருக்கும் தனி ஹெலிகாப்டராம்."

சந்து சிரித்தது. புவனேஸ்வரன் கழுவிய காடியின் மேலேயே சாய்ந்து சிரித்தான். அஜீஸும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே, பழக்க தோஷம், வகுக்கவும் தொடங்கினார்.

"ஹெலிகாப்டர்... அதுல கால்வாசி?"

"ஆம்புலன்ஸ்" என்றாள் ரமணி.

"டாக்டரு ஓடிட்டாரு?"

"தள்ளி நின்னு பேசியிருப்பாரு."

"மெஷின் வெடிச்சிருச்சி?"

"சிவப்பு லைட் எரிஞ்சிருக்கும், நானா."

"கோவிட்டுக்கு அண்ணன்னா..."

அஜீஸ் நிறுத்தினார். ரமணியின் விரலில் நார் நின்றது. புவனேஸ்வரன் காடியிலிருந்து நிமிர்ந்தான். இத்தனை வருஷமாகத் தவறாத வாய்ப்பாடு. விடை எல்லோருக்கும் ஒன்றாகத்தான் வந்தது.

அஜீஸ் மேலே பார்த்தார். "சுப்பையா. கோவிட்டா?"

சுப்பையா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். ஆமாம் என்று சொன்னால் கீழே கால்வாசி ஆமாம்தான் போய்ச் சேரும். அதனால் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே நின்றார். சுப்பையா பேசாமல் நின்று அந்தச் சந்து பார்த்ததே இல்லை. பேசாததை எப்படி வகுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

அஜீஸின் கை தானாகப் போய் உதட்டைத் தொட்டது. பிறகு முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். காடியின் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். யாரும் பக்கத்தில் போகவில்லை. போகக்கூடாது என்பது அப்போது எல்லோருக்கும் நினைவிருந்தது.

"கறியெல்லாம் கெட்டுப்போயிருமே" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு எழுந்து கோழியை எடுத்தார், மசாலாவை எடுத்தார். சாரோங்கை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். "காமாரியா, நான் வரல" என்றது மேலே வரைக்கும் கேட்டது. அதற்கு மேல் கேட்க வேண்டாம் என்று சன்னலைச் சாத்தப் போன சுப்பையா, அதுவும் தப்பித்து ஓடுகிற மாதிரி இருக்கும் என்று திறந்தே விட்டார்.

அஜீஸுக்கும் தொற்று இருந்தது. காய்ச்சல் இரண்டு நாள் வந்தது, வாசனை ஒரு வாரம் போனது. தன் மசாலாவே தனக்கு மணக்கவில்லை என்பதைத்தான் அவர் பெரிய அவமானமாகச் சொல்லிக்கொண்டார். இருவரையும் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். ரமணி இரண்டு வாசலிலும் சோற்றுப் பொட்டலத்தை வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடுவாள். சாயங்காலம் புவனேஸ்வரன் நடுச்சந்தில் நின்று எண்ணிக்கையைப் படிப்பான். "அதுல பாதி நானும் நானாவும்தான்" என்பார் சுப்பையா இந்தச் சன்னலிலிருந்து. அந்தச் சன்னல் முதல் மூன்று நாள் பதில் சொல்லவில்லை.

நாலாம் நாள் அது திறந்தது. தோளில் அதே சாரோங், கையில் கைப்பேசி.

"சுப்பையா! பேரன் பேசுனான்லா!"

"என்ன சொன்னான் நானா?"

"என்னய நேராப் பாத்தான். கண்ணடிச்சான். தாத்தான்னு கூப்புட்டான், தெளிவா. பொறவு கைய நீட்டி, சீக்கிரம் வான்னு சைகை காட்டுனான். சாஹித்னு பேரு வச்சிருக்கு. பேர சொன்னா தலைய ஆட்டுறான்."

கீழே நின்ற புவனேஸ்வரன் வாயைப் பொத்திக்கொண்டான். "அய்யோ, நானாவுக்கும் தொத்திருச்சி அண்ணே. ரெண்டு வாரப் புள்ள கண்ணத் தொறந்திருக்கும், அவ்ளோதான். கால்வாசி எடுத்துக்குவோம்."

"டேய் புவனா, வாயை மூடு" என்றார் சுப்பையா.

கம்பியில் முகத்தை வைத்து எதிர்ச் சன்னலைப் பார்த்தார். அஜீஸ் சாரோங்கின் முனையால் கைப்பேசியின் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தாத்தான்னு ஒரு வாட்டிதான் கூப்புட்டானா, நானா?"

"ரெண்டு வாட்டி" என்றார் அஜீஸ்.

"ரெண்டு வாட்டி" என்று சொல்லி, சுப்பையா அதை முழுசாக எடுத்துக்கொண்டார்.