முடிஞ்ச மாதிரிதான்

எங்கள் காரைக்குடிக் கம்பெனியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘என்னாச்சு மேடம்’. புதிதாக எந்தப் பொருள் செய்தாலும், டிசைன் போடுகிறவர், மோட்டார் தருகிறவர், பட்டறைக்காரர் என்று எல்லாரையும் போனில் பிடித்து "என்னாச்சு?" என்று கேட்பதுதான் ஆறு வருஷமாக என் உத்தியோகம். விசிட்டிங் கார்டில் புராஜெக்ட் மேனேஜர் என்று போட்டிருக்கும். அவர்கள் திட்டுவார்கள், சாக்குச் சொல்வார்கள், மகள் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள். சாயங்காலத்துக்குள் காது சூடேறிப்போகும்.

இரண்டு மாதத்துக்கு முன் முதலாளி கார்த்திகேய சிவம் ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். காலை பத்து மணிக்கு அதுவே எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் "என்னாச்சு?" என்று அனுப்பும். வருகிற பதிலைப் படித்து, வேலை முடிந்திருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு போட்டுவிடும்.

"இனிமே யாருக்கும் போன் பண்ணித் தொந்தரவு பண்ணாதீங்க மேடம். வீட்லேருந்தே ஸ்கிரீனைப் பாத்துக்கங்க, போதும்" என்றார். என் கேள்வியைப் பிடுங்கிக்கொண்டு மரியாதையாக வேறு பேசினார், மகராசன்.

பள்ளத்தூர் வீட்டில் நான் ஒருத்திதான். அன்றிலிருந்து என் போன் அடிப்பதே இல்லை. போன வாரம் ஒரு பெண் லோன் வேண்டுமா என்று கூப்பிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. கடைசியில் அவளேதான் வைத்தாள். எனக்கே வெட்கமாக இருந்தது.

இப்போது நாங்கள் செய்வது பேட்டரியில் ஓடும் பூச்சிமருந்து தெளிப்பான், முதுகில் மாட்டிக்கொள்கிற மாதிரி. வெள்ளிக்கிழமை இருபது விவசாயிகளிடம் கொடுத்து ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை திரை முழுக்கப் பச்சை. செய்ய வேறு வேலை இல்லாமல், பச்சைக்கு அடியில் இருந்த பதில்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். ‘டேங்க் கசிவு சோதனை’ என்பதற்கு நேராக, சாக்கோட்டைப் பட்டறை ஆசைத்தம்பி எழுதியிருந்தார்: "முடிஞ்ச மாதிரிதான்."

‘முடிஞ்ச’ என்பதைப் பார்த்துவிட்டு சாஃப்ட்வேர் பச்சை போட்டிருக்கிறது. ஆசைத்தம்பி அப்படிச் சொன்னால் ஏதோ சிக்கல், சொல்லத் தயங்குகிறார் என்று அர்த்தம். டேங்க் கசிந்தால் மருந்து அத்தனையும் மாட்டியிருப்பவர் முதுகில் இறங்கும். பதில் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. நாலு நாளும் நான் நிறத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

முதலாளி சொன்னது கிடக்கட்டும் என்று கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் கம்ப்ரசர் இரைந்தது.

"கசியுதுக்கா. மூடிக்குக் கீழ, நூலாட்டம். நேரா எழுதுனா முதலாளி கத்துவாக. அதான் அப்படி எழுதுனேன். பாத்ததும் நீங்க கூப்புடுவீகன்னு இருந்தேன்."

"இப்பத்தான் தம்பி படிச்சேன். என் தப்புதான்."

பேசிக்கொண்டே அந்த வரியைச் சிவப்பாக்கினேன். வெள்ளிக்கிழமை ஒரு மிஷினும் போகாது. முதலாளி என்மேல் கத்தட்டும்.

"அது கெடக்கட்டும்க்கா. ரெண்டு மாசமா ஒங்க போனையே காணோம். ஒங்களுக்கு என்னாச்சு? நல்லாருக்கீகளா?"

ஆறு வருஷத்தில் இந்தக் கேள்வி ஒரு தடவைகூட என் பக்கம் வந்ததில்லை.

"நல்லாருக்க மாதிரிதான் தம்பி."

பின்னால் கம்ப்ரசர் இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

"வச்சுறாதீகக்கா. கம்ப்ரசரை அமத்திட்டு வாரேன்" என்றார்.