திருப்பிக் கொடுத்த பாவு

என் வீட்டுக்காரர் தாமஸ் மேடையில் ஏறினால் கருமத்தம்பட்டியே கேட்கும். வீட்டுக்குள் வந்தால் உப்பு எங்கே என்று கேட்கக்கூட வாய் வராது. விசைத்தறிச் சங்கத்துக்கு அவரைச் செயலாளர் ஆக்கியவர்கள் மேடையை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

எங்களுக்கு எட்டுத் தறி. தறி எங்களுடையது, நூல் எங்களுடையதல்ல. ஜவுளி முதலாளி நூலைப் பாவாக உருளையில் சுற்றி அனுப்புவார். நாங்கள் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவோம். கரண்ட் பில் ஏறும், உதிரிபாகம் ஏறும், கூலி மட்டும் ஏறவே ஏறாது. அதனால் வட்டாரம் முழுக்கத் தறியை நிறுத்துவதென்று கூட்டத்தில் முடிவானது. அதுவரை எனக்கும் சந்தோஷம்தான்.

அதற்கப்புறம் இந்த மனுஷன் மைக்கைப் பிடித்தார்.

"தறியில ஏத்தியிருக்கற பாவையெல்லாம் முதலாளிககிட்டயே திருப்பிக் குடுத்துப்போடலாமுங்க. அவங்க நூலை முடக்கிப்போட்டோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வரப்படாதுங்க. சண்டைன்னாலும் மரியாதையாச் செய்யோணும்."

கூட்டம் கை தட்டியது. நான் தட்டவில்லை. பாவு நம்மிடம் இருக்கும்வரைதான் அவர்கள் நம்மைத் தேடி வருவார்கள் என்பது இத்தனை ஆம்பிளைகளில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையா?

"ஏனுங்க, சண்டைக்குப் போறவன் அருவாளை எதிராளி கையில குடுத்துப்போட்டா போவான்?" என்று வீட்டில் கேட்டேன்.

"அடுத்தவங்க பொருளை ஊட்டுல வெச்சுட்டு எப்படித் தூங்கறது அமலி?" என்றார்.

எங்கள் ஊருக்கு இது ஒரு வியாதி. தலையில் மிளகாய் அரைக்க வருகிறவனையும் "வாங்க, உக்காருங்க" என்று காப்பி கொடுத்து உபசரிப்போம். பக்கத்துத் தறிக்குடோன் கந்தப்பன்தான் முதலில் பாவை இறக்கி டெம்போவில் ஏற்றினான். நாலு தறி வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியுமாக ஓட்டுகிறவர்கள். "தாமஸண்ணன் சொன்னாச் செரியா இருக்குமுங்க" என்றான்.

ஒரு தறிகூட ஓடவில்லை. கடைசியில் அதிகாரிகள் முன்னிலையில் புதுக் கூலிக்கு முதலாளிகள் கையெழுத்துப் போட்டார்கள். வெடி வெடித்தோம். தாமஸ் கழுத்து மறையும் அளவுக்குத் துண்டு விழுந்தது. ஒன்றுசேர்ந்து நின்றால் நம்மாலும் முடியும்போல என்று அன்றைக்கு நானும் நம்பினேன். அழுதுகூட விட்டேன்.

தறிக்கு எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். பாவு வரவில்லை. நாங்கள் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்த பாவெல்லாம் எப்போதோ வேறு ஊர்களில் குறைந்த கூலிக்குத் துணியாகிவிட்டது. தாமஸ் போய்க் கேட்டதற்கு எங்கள் முதலாளி சிரித்த முகமாகவே பதில் சொன்னாராம்.

"புதுக் கூலி குடுக்க மாட்டேன்னு நான் சொல்லலையேங்க. இப்போதைக்கு ஆர்டர் இல்லீங்க, அவ்வளவுதான்."

அதிகாரிகளும் கையை விரித்தார்கள். பாவு கொடுத்தால் இன்ன கூலி என்றுதான் பேச்சு. கொடுத்தே ஆகவேண்டும் என்று யாரும் பேசவில்லை.

மெல்ல மெல்ல வீதியில் தறிகளை உடைத்து எடைக்குப் போட ஆரம்பித்தார்கள். சம்மட்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தாமஸ் எழுந்து உள்ளே போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். ஒருநாள் பழைய இரும்புக்காரர் எங்கள் குடோனையும் சுற்றிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை முதலாளி போன் செய்தார். எட்டுத் தறிக்கும் பாவு அனுப்புகிறாராம். கூலி பழையதைவிடவும் கம்மி. வெளியே மட்டும் சொல்லக் கூடாதாம். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார் தாமஸ்.

"நான் செயலாளர் அமலி. நானே இந்தக் கூலிக்கு ஓட்டினா, மத்தவங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

"முழிக்க வேண்டாமுங்க. தறியை எடைக்குப் போட்டுட்டு ஏதாச்சும் மில்லு வாசல்ல வாட்ச்மேனா நில்லுங்க. அங்க உங்க மூஞ்சிய ஒருத்தரும் பாக்க மாட்டாங்க."

கோபத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகு என்னாலேயே தாங்க முடியவில்லை. அவர் போனை எடுத்து, "அனுப்புங்க" என்றார்.

எட்டுத் தறி ஓடுவதை ஊருக்குத் தெரியாமல் செய்ய முடியுமா? செத்துக் கிடந்த வீதியில் சத்தம் கடைசி வீடுவரை போனது. தாமஸ் குடோன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"வரட்டும். காறித் துப்பட்டும். வாங்கிக்கறேன்."

நானும் அதற்குத்தான் ஏங்கினேன். யாராவது ஒருத்தர் வந்து சட்டையைப் பிடித்துக் கேட்டால், சங்கத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்றாவது தெரியும்.

கந்தப்பன் வந்தான். பின்னால் ஏழெட்டுப் பேர். எல்லோரும் செருப்பை வெளியிலேயே கழற்றினார்கள். தாமஸ் எழுந்து நின்றார்.

"கந்தப்பா, என்னை என்ன வேணாலும் கேளு."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா." அவன் குரல் இறங்கியே இருந்தது. "நீங்க ஓட்டற கூலியவிட மீட்டருக்குப் பத்துப் பைசா கம்மியா நான் ஓட்டிக் குடுக்கறனுங்க. முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி உடுங்ணா. நீங்க பேசினா அவரு தட்ட மாட்டாருங்க."

தாமஸ் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து இன்னொருவர் எட்டிப் பார்த்தார்.

"எனக்கு இருபது பைசா கம்மின்னாலும் போதுமுங்க."

கந்தப்பன் திரும்பி அவரைப் பார்த்தான். இத்தனை நாளில் அவன் முகத்தில் அன்றைக்குத்தான் கோபத்தைப் பார்த்தேன்.