நாற்பத்தொரு நாள் மஸ்டர்

காளியம்மாளுக்குச் சங்கம் தரவேண்டியது இருநூற்று இருபத்தைந்து ரூபாய் ஐம்பது காசு. பதிமூன்று வருடத்துக் கடன். அவள் அதை மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. வராத தண்ணீருக்காக வரப்பில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது என்று எழுந்து வேறு வேலைக்குப் போய்விட்டாள், அவ்வளவுதான்.

அன்றைக்குத் திருத்துறைப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டப வேலை. காலையிலிருந்து கலவைச் சட்டி தூக்கி இடுப்பு விட்டுப்போயிருந்தது. மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்த நேரத்தில் ஆட்டோவிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கினார்கள். முன்னால் வந்தவளை நடையை வைத்தே தெரிந்துகொண்டாள். பெண் கட்டடக் கலைஞர் சங்கத்தைத் தொடங்கிய கமலவல்லி. காதோரம் நரைத்திருந்தது. கூட வந்தவள் சங்கத்தின் பொருளாளர் ராஜாத்தி, பையை மார்போடு அணைத்தபடி.

"யாரு காளி, எந்தக் கட்சி?" என்று சாரத்தின் மேலிருந்து ஒரு கொத்தனார் கேட்டான்.

"ஒனக்குப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க, எறங்கி வா" என்றாள் காளியம்மாள்.

கமலவல்லி சிரித்துக்கொண்டே செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள். "அக்கா, கேஸ் முடிஞ்சிருச்சு. பில்லுப் பணம் வந்திருச்சு. மொதல்ல ஒங்ககிட்டதான் வந்தேன்."

கேஸ் என்றால் பால்வாடிக் கேஸ். நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து அரசாங்கம் எடுத்த வயலில், கூலிக்காரர் பிள்ளைகளுக்காகக் கட்டிய கட்டடம். சங்கத்துக்குக் கிடைத்த முதல் வேலை அது. முடித்துச் சாவி கொடுக்கும் நாளில் மிராசுதார் கோர்ட்டில் தடை வாங்கினார். ஆட்சி மாறியது, திரும்ப மாறியது. தடை மட்டும் மாறவில்லை; கட்டடப் பில்லும் அதிலேயே நின்றுபோனது.

"சங்கத்துக்குப் பதினஞ்சு வருசம் ஆவுது. வரலாறு எழுதி மலர் போடுறோம். நீங்க படிக்கக் கத்துக்கிட்டதா சொன்னாங்க, பாருங்க" என்று நாலு தாளை நீட்டினாள்.

அறிவொளி வகுப்பில் நாற்பத்தைந்து வயதில் கற்ற எழுத்து. காளியம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வரிக்கு அடியில் விரல் வைத்து வாசித்தாள். தஞ்சாவூரில் ஓர் அரிசி மண்டியின் மாடியில் ஐந்து பெண்கள் கூடியது எழுதியிருந்தது. ஆபீசில் அவர்கள் வரைந்த கட்டடப் படத்துக்கெல்லாம் மேலே இருந்த ஆண்கள் தங்கள் பேரைப் போட்டுக்கொண்டதும், வரைந்தவர் பேரே படத்தில் வரவேண்டும் என்பதைச் சங்கத்தின் முதல் விதியாக வைத்ததும் இருந்தது. அப்புறம் பால்வாடி. 'கொத்தனார் விலகிய பின் நாற்பத்தொரு நாள் சங்கமே முன்னின்று சுவர் எழுப்பியது.'

விரல் அங்கேயே நின்றது.

அந்த வயலில் பன்னிரண்டு வயதிலிருந்து நடவு நட்டவள் அவள். ரோட்டு மட்டத்தை வைத்துக் கமலவல்லி தரை உயரம் குறித்திருந்தாள். "ஐப்பசில இங்க முழங்காலுக்கு மேல தண்ணி நிக்கும்மா" என்று கலவை கொட்டும்போது காளியம்மாள்தான் சொன்னாள். கமலவல்லி ஒரு கழியில் அந்த உயரத்தைக் காட்டச் சொல்லி அளந்து பார்த்தாள். எழும்பிய சுவரைப் பிரித்து, தரை மட்டத்தை ஒன்றரை அடி ஏற்றச் சொன்னாள். கொத்தனார் குஞ்சிதபாதம் கரண்டியைக் கழுவிவிட்டார். "ஒரு பொம்பள படம் போடுறா, இன்னொருத்தி தண்ணி சொல்றா. நடுவுல நான் இடிச்சு இடிச்சுக் கட்டணுமா?" அவர் போனதோடு வேறு கொத்தனாரையும் வரவிடவில்லை. பன்னிரண்டு வருடம் அவருக்குக் கலவை தூக்கிய காளியம்மாள் கரண்டியை எடுத்தாள். கமலவல்லி நூல் பிடித்தாள். முதல் நாள் கட்டிய சுவர் வயிறு தள்ளியது. யாரும் சொல்லாமலே அதைப் பிரித்துப்போட்டு மறுநாள் திரும்பக் கட்டினாள்.

அதற்குப் பிறகு எந்த வேலையிலும் கொத்தனார்கள் அவளைக் கரண்டி தொட விடவில்லை.

"சுவர் எழுப்புன சங்கம் யாரும்மா?" என்றாள்.

கமலவல்லி பதில் சொல்வதற்குள் ராஜாத்தி பழைய மஸ்டரை விரித்துவிட்டாள். நாள் கூலி ஆட்களின் பதிவேடு அது. "இங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா பணத்தக் குடுத்திடலாம்."

நாற்பத்தொரு கட்டங்களிலும் அவளுடைய பழைய கைநாட்டு. அன்றைக்கு அதற்கு எதிரே என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. இப்போது வாசித்தாள். 'சித்தாள் (பெண்). 5.50.'

"இது யாரு எழுத்து?"

"என்னோடதுதான்" என்றாள் கமலவல்லி. குரல் இறங்கியிருந்தது. "அச்சடிச்ச தாளு, அக்கா. கொத்தனாருன்னு ஆணுக்குத்தான் கட்டம் இருந்துச்சு. பொம்பளைக்குச் சித்தாள்னு ஒரே கட்டம். நானும் யோசிக்காம அதுல எழுதிட்டேன்."

"கொத்தனாருக்கு அன்னைக்கு என்ன கூலி?"

"பன்னண்டரை."

"அப்ப ஐந்நூத்திப் பன்னண்டரை."

ராஜாத்தி பதறினாள். "மஸ்டர்ல உள்ளதுக்கு மேல குடுத்தா ஆடிட்ல என்னக் கேப்பாங்கம்மா."

"ஒன்னக் கேட்டா பதில் சொல்ல நீ இருக்க. ஒங்க படத்துல அடுத்தவன் பேரு போட்டான்னு சங்கம் வச்சீங்க. என் செவுத்துக்கு நான் எங்க போயிச் சங்கம் வைக்கிறது?" காளியம்மாள் தாள்களை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "சித்தாள் காசு வேணாம்மா. பதிமூணு வருசம் கெடந்தது, இன்னும் கெடக்கட்டும்."

கமலவல்லி மஸ்டரை மூடி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். அன்று சாயங்காலம்வரை காளியம்மாளுக்கும் மனசு கனத்தது. அரிசிக்கு அந்தப் பணம் ஆகியிருக்கும். வாங்கியிருக்கலாமோ என்று இரண்டு தடவை நினைத்தாள். சட்டியைத் தூக்கித் தலையில் வைத்தபோது, வேண்டாம் என்று தோன்றியது.

இருபது நாள் கழித்து இருவரும் திரும்ப வந்தார்கள்.

"கமிட்டில சண்டை" என்றாள் கமலவல்லி. "நன்கொடைன்னு எழுதிக் குடுத்திடலாம்னாங்க. நான் ஒத்துக்கல. செஞ்ச வேலைக்கு எதுக்கு நன்கொடை?"

மஸ்டரை விரித்தாள். 'சித்தாள்' என்பதன் குறுக்கே சிவப்புக் கோடு. மேலே கையால் 'கொத்தனார்'. ஓரத்தில், 'தவறு என்னுடையது' என்று கமலவல்லியின் கையெழுத்து. மலருக்கான தாளில் சங்கமே முன்னின்று என்ற வரி போய், தண்ணீர் மட்டம் சொன்னதும் சுவர் கட்டியதும் காளியம்மாள் பேரில் இருந்தன.

"அரசாங்கம் சித்தாள் கூலிதான் குடுத்திருக்கு. மிச்சம் மலர் அட்டைக்கு வச்சிருந்த காசு. அட்டை கலர்ல வராது" என்றாள் ராஜாத்தி, கொஞ்சம் வருத்தமாகவே.

"உள்ள சரியா இருந்தாப் போதும். ஏம்மா, என்னச் சங்கத்துல சேப்பீங்களா?"

கமலவல்லி தயங்கினாள். "டிகிரி வேணும்னு விதி இருக்கு, அக்கா."

"அதையும் ஒரு நாளு சண்ட போட்டு மாத்துங்க."

காளியம்மாள் கையெழுத்துப் போட்டாள். ராஜாத்தி ஐந்து நூறு ரூபாய் நோட்டும், ஒரு பத்தும், ஓர் இரண்டும் வைத்துவிட்டுப் பையைத் துழாவினாள். அரை ரூபாய் சில்லறை இல்லை. ஒரு ரூபாயாக நீட்டினாள்.

"கூட வேணாம்" என்றாள் காளியம்மாள்.

ராஜாத்தி வெயிலில் டீக்கடைவரை போய் மாற்றிவந்து, ஐம்பது காசை அந்தக் கையில் வைத்து, மஸ்டரில் 'பாக்கி இல்லை' என்று எழுதினாள்.