கூட வசிப்பவர்

குளியலறை அலமாரியைத் திறந்து பார்த்த அதிகாரிப் பெண், "இந்த ஷேவிங் ரேசர் யாரோடதும்மா?" என்று கேட்டாள்.

"என்னோடதுதான். கால்ல முடி எடுக்க," என்றாள் லுட்கார்ட். ஐம்பத்தெட்டு வயதில் இப்படியொரு பொய் சொல்ல நேர்ந்ததில் அவளுக்குக் காதுவரை சூடேறியது.

அதிகாரி அன்னெலோர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டாள். நகராட்சி உதவி அலுவலகத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள். சோபாவில் மடித்து வைத்திருந்த போர்வையைப் பார்த்தாள். தொட்டியில் கழுவாமல் கிடந்த இரண்டு காப்பிக் கோப்பைகளையும் பார்த்தாள்.

கம்பள ஆலை மூடியபோது லுட்கார்டுக்கு வேலை போயிற்று. நுரையீரல் அதற்கு முன்பே தூசியில் போய்விட்டிருந்தது. நகராட்சி உதவி அலுவலகம் தரும் பணத்தில்தான் காலம் ஓடியது. தனியாக வசிப்பவருக்கு ஒரு தொகை. கூட ஒருவர் வசித்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு வெட்டு. கூட வசிப்பவர் காதலனா, கூடப் பிறந்தவனா என்று பெல்ஜியத்தில் எந்தப் படிவமும் கேட்காது. ஒரே கூரை, ஒரே அடுப்பு, அவ்வளவுதான் கணக்கு.

தம்பி வானஸ் ஐந்து வாரமாக அந்தச் சோபாவில்தான் படுத்திருந்தான். அவன் குடியிருந்த அறை மனிதர் வாழத் தகுதியற்றது என்று நகராட்சி பூட்டி முத்திரை வைத்துவிட்டது. உதவிப் பணத்தில் இருப்பவனுக்கு வேறு அறை கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை.

"உள்ள யாராவது தங்கியிருக்காங்களாம்மா? இருந்தா சொல்லிடுங்க. நானா கண்டுபிடிச்சா மொத்தமா நிறுத்திடுவாங்க."

"யாரு இருக்கா? நான் ஒண்டிக்கட்டை."

அப்போது கதவு திறந்தது. கையில் ரொட்டிப் பையும் ஒரு கட்டு லீக் கீரையுமாக வானஸ் நின்றான். மூன்று மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

லுட்கார்டின் வாயிலிருந்து அது தானாக வந்தது. "யாருங்க? யாரைப் பார்க்கணும்?"

வானஸ் அக்காவைப் பார்த்தான். அன்னெலோர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"மன்னிச்சுக்கங்கம்மா. மாடி மாறி ஏறிட்டேன்," என்று சொல்லிக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு இறங்கிப் போனான்.

அவன் காலடிச் சத்தம் கீழ்க்கதவுவரை கேட்டது. அன்னெலோர் சோபாப் போர்வையை இன்னொரு தடவை பார்த்தாள். "சரிம்மா, நீங்க தனியாத்தான் இருக்கீங்கன்னு எழுதிக்கறேன்," என்று கிளம்பினாள். அவளுக்குத் தெரியும் என்பது லுட்கார்டுக்கும் தெரிந்தது.

மாலைவரை அவனுக்காகச் சூப்பைச் சூடாகவே வைத்திருந்தாள். வரவில்லை. மறுநாள் ரயில் நிலையத்தில் தேடினாள். இலவச உணவு கொடுக்கும் கூடத்திலும் தேடினாள். "நீலத் தொப்பி, நெட்டையா இருப்பான்," என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர்களிடம், "தெரிஞ்சவங்க," என்றாள். அலுவலகத்துக்குச் சேதி போய்விடுமோ என்ற பயம் அப்போதும் அவளை விடவில்லை. அதை நினைத்துத்தான் பிறகு பல நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கடும் பனி பெய்த ஒரு காலையில், நாயோடு நடக்கப்போன ஒருவர் கால்வாயோரத் தோட்டக் கொட்டகையில் வானஸைக் கண்டெடுத்தார். உயிர் இருந்தது. குளிரில் விறைத்துச் செத்துப்போன வலது கால் விரல்கள் ஐந்தையும் எடுக்க வேண்டியதாயிற்று.

உணவுக் கூடத்தில் யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. அவனை ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளர் விடுதிக்கு மாற்றியிருந்தார்கள்.

"அவருக்குச் சொந்தம் யாரும் இல்லைன்னுதானே எழுதிக் கொடுத்திருக்காரு?" என்றாள் தாதி.

"நான் அவனோட அக்கா."

வானஸ் தலையணையில் சாய்ந்திருந்தான். "எதுக்குக்கா இங்க வந்த? உன் பணத்துல கை வைப்பாங்க."

"அன்னைக்கு நான்..." என்று தொடங்கினாள்.

"ஜன்னலைச் சாத்துக்கா. காத்து வருது," என்றான் அவன். அவ்வளவுதான். திட்டியிருந்தால் கூடத் தேவலாம்.

அடுத்த வாரம் அவள் அன்னெலோரின் மேசை முன் உட்கார்ந்தாள். "என் தம்பியை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அன்னெலோர் குரலைத் தாழ்த்தினாள். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. உங்க வீட்டுக்கு வந்தா ரெண்டு பேருக்கும் வெட்டு. விடுதியிலயே இருந்தா முழுச் செலவும் நாங்க பார்த்துக்குவோம்."

"அங்க ஆகிற செலவு, எங்க ரெண்டு பேருக்கும் குடுக்கிறதை விடக் கம்மியா?"

"ரொம்ப அதிகம்."

"அவனை என்கிட்ட இருந்து பிரிச்சு வைக்க அவ்வளவு பணம் இருக்கு. சேர்ந்திருந்தா இல்லை."

"சட்டம் நான் போட்டதில்லம்மா," என்றாள் அன்னெலோர். அவள் கண் படிவத்தை விட்டு நிமிரவில்லை.

"தெரியும். எழுதிக்க. ஐஞ்சு வாரம் என் வீட்டுலதான் இருந்தான்னும் எழுதிக்க. வாங்கினதைத் திருப்பிக் கட்டச் சொல்வாங்கன்னும் தெரியும்."

அன்னெலோரின் பேனா நின்றது. "அது வேண்டாம்மா. யாரும் கேட்கலையே."

"நான் சொல்றேன். எழுது."

சனிக்கிழமை பகலில் அவனைக் கூட்டி வந்தாள். ஊன்றுகோலோடு இரண்டாம் மாடி ஏறியதும் அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். அவளுக்கும் மூச்சு வாங்கியது, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இனிமே ஹீட்டர் போட முடியாதே, அக்கா."

"போட முடியாதுதான்," என்றாள். "இன்னும் பதினெட்டுப் படி. எழுந்திரு."