வெட்டட்டுமா?

கட்டிங் மாஸ்டருக்கு அந்தத் தெருவில் 'மூணு தடவை' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒரு முறை அளந்தால் அவருக்கு நம்பிக்கை வராது. இரண்டாவது முறை அளந்தால் சந்தேகம் வந்துவிடும். மூன்றாவது முறையும் அளந்து, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பின்னறைப் பக்கம் திரும்பி, "ஏம்மா, வெட்டட்டுமா?" என்று குரல் கொடுப்பார். அங்கே தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் மனைவி, "வெட்டுங்க" என்பாள். அதற்கப்புறம்தான் கத்தரி துணியைத் தொடும். இருபத்தெட்டு வருடமாக இதே கதைதான்.

மனிதர் லேசுப்பட்ட ஆளும் இல்லை. அவர் வெட்டினால் தோளில் உடுப்பு உட்காருகிற அழகே தனி என்று மூன்று பஸ் மாறி வருகிறவர்கள் இருந்தார்கள். அதைச் சொல்லிப் பாராட்டினால், "எல்லாம் அவ பார்த்துச் சொல்றது" என்று பின்னறைக்குக் கை காட்டிவிடுவார். குடை எடுத்துப் போகலாமா, டாக்டரிடம் எந்த வலியை முதலில் சொல்வது, எல்லாவற்றுக்கும் அவள் வாயைத்தான் பார்ப்பார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அந்த வாய் அடைத்துவிட்டது. வலது பக்கம் முழுக்க விழுந்து போச்சு. மிஷினில் இப்போது மகள் உட்கார்கிறாள். மாஸ்டர் பேன்ட் நீளம் குறைப்பதும் ஜிப் மாற்றுவதுமாகப் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தார். புதுத் துணி வந்தால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டார்.

வாடிக்கையாக வரும் நர்ஸம்மாவின் துணியை அப்படித் தள்ள முடியவில்லை. கரும்பச்சைக் கம்பளித் துணி. அவளுடைய அக்கா சாவதற்கு முன்னால் கடைசியாக வாங்கித் தந்தது. திங்கட்கிழமை தலைமை நர்ஸாகப் பொறுப்பேற்கிறாள். அக்கா துணியில் தைத்த கோட்டோடுதான் போவேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு கோட்டுக்குச் சரியாக இருந்தது துணி. ஒட்டுப்போடக்கூட மிச்சம் வராது.

வியாழக்கிழமை காலையில் மாஸ்டர் சாக்பீஸால் கோடு போட்டார். மூன்று தடவை அளந்தார். நான்காவது தடவையும் அளந்தார். கத்தரியை எடுப்பதும் வைப்பதுமாக மத்தியானம் ஆகிவிட்டது.

மகளுக்குப் பொறுமை போய்விட்டது. "வெட்டுங்கப்பா. நான் சொல்றேன்ல."

"நீ சொன்னா ஆச்சா? உங்கம்மா பார்த்துல்ல சொல்லுவா."

"அம்மா என்னைக்குப்பா பார்த்தாங்க? மிஷினை விட்டுத் தலையே தூக்க மாட்டாங்க. உங்களுக்கு தைரியம் வரணும்னு சும்மா சொன்னது அது."

மாஸ்டர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மகள் மருந்துக் கடைக்குக் கிளம்பியதும், துணியை ஒரு பலகையில் விரித்து, பின்னறையில் இருக்கும் மனைவியின் கட்டிலுக்கு எடுத்துப் போனார். "ஏம்மா, வெட்டட்டுமா?"

அவள் பார்த்தாள். உண்மையாகவே பார்த்தாள். இடது கை விரல் சாக்பீஸ் கோட்டின் மேல் மெல்ல நகர்ந்தது, நின்றது, இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி இன்னொரு கோடு இழுத்தது.

"இங்கேயா?"

விரல் மறுபடியும் அதே இடத்தில் இழுத்தது. மாஸ்டர் அளந்து பார்த்தார். அவர் போட்ட கோடுதான் சரி. இரண்டு விரற்கடை போனால் நெஞ்சில் பட்டன் பூட்ட முடியாது. டேப் பொய் சொல்லாது என்று அவருக்குத் தெரியும். அவள் தப்பாகச் சொல்ல மாட்டாள் என்றும் தெரியும். இரண்டில் எதை நம்புவது என்றுதான் தெரியவில்லை.

பழைய கோட்டைத் தட்டி அழித்தார். அவள் காட்டிய இடத்தில் புதிதாகப் போட்டு, கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று வெட்டினார். கத்தரிச் சத்தம் கேட்டு அவள் சிரித்தாள், வாயின் ஒரு பக்கத்தால். இரண்டு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. மாஸ்டருக்கு நெஞ்சே நிறைந்துவிட்டது.

மகள் திரும்பி வந்து துண்டுகளைத் தையல் பொம்மையின் மேல் வைத்து ஊசி குத்திப் பார்த்தாள். முன்பக்கம் இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள், அம்மாவின் கட்டிலருகே கிடந்த பலகையைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

சாயங்காலம் நர்ஸம்மா வந்தாள். மகள், "அது வந்து, அம்மாதான் கையைக் காட்டி..." என்று தொடங்கினாள்.

மாஸ்டர் குறுக்கே வந்தார். "தப்பு என்னுது நர்ஸம்மா. நான்தான் தப்பா வெட்டிட்டேன்."

"நீங்க மூணு தடவை அளப்பீங்களே மாஸ்டர்."

"அளந்தேன். வெட்டினது நான்தான்."

அவர் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. நர்ஸம்மா துண்டுகளை எடுத்து நெஞ்சில் வைத்து இழுத்துப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. துண்டுகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாஸ்டர் பின்னறைக்குப் போனார். மனைவி கண்ணாலேயே என்னாச்சு என்று கேட்டாள்.

"நல்லா பொருந்திடுச்சும்மா" என்றார்.

அவள் முகம் மலர்ந்தது. இடது கையால் கட்டில் விளிம்பைத் தட்டினாள். பலகையை வைக்கச் சொல்கிறாள். அடுத்த துணியைக் கொண்டு வரச் சொல்கிறாள். மாஸ்டர் நகரவில்லை. அவள் இன்னொரு முறை தட்டினாள்.